பாடைச்சுழி ஆர்மோனியம்

என் வீடு காலியாக இருக்கிறது என்று நகராட்சி முடிவு செய்தபோது நான் உள்ளே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

வார்டு அதிகாரி முதலில் கதவில் காதை வைத்துக் கேட்டார். பிறகு சன்னலில் வைத்துக் கேட்டார். பிறகு உள்ளே வந்து, குனிந்து, என் வெங்காயக் கூடைக்கு மேலே காதை வைத்தார். நிமிர்ந்ததும் சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்துக் கதவில் ‘காலி’ என்று எழுதினார். கையெழுத்து அழகாக இருந்தது.

“நான் இருக்கனுங்களே” என்றேன்.

“இருக்கறது வேறங்க. கேக்கறது வேறங்க.”

“பேசறேன். கேக்குதில்ல?”

“பேச்சு சேராதுங்க. வாத்தியம் இருக்கோணும். சந்தை முத்திரை போட்ட வாத்தியம். நாளைக்கு வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊட்டுக்குள்ள வந்துருச்சுன்னா அழிச்சுப்போடறேன். இல்லீன்னா இல்லீங்க.”

விதி புதிதல்ல. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு வாத்தியம் உண்டு. அடுத்த வீட்டு அவிநாசியப்பன் தென்னந்தோப்பை விற்று ஒரு வீணை வாங்கினார். அது பட்டு மெத்தையில் படுத்திருக்கிறது. அதற்குத் தந்திகள் கிடையாது. ஆனாலும் அதிகாரி தினமும் அவர் வீட்டுக் கதவில் காதை வைத்து, கண்ணை மூடி, “அடடா” என்பார். “தோப்பு முழுசாக் கேக்குதுங்க” என்று ஒருமுறை சொன்னார். அவிநாசியப்பன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

என் வீட்டில் வாத்தியம் இல்லாததற்குக் காரணம் ஒன்றுதான். சத்தம் வராத ஒன்றைக் காசு கொடுத்து வாங்க எனக்கு மனமில்லை. இதை நான் தெருவில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் என்னைக் கஞ்சம் என்று நினைத்தார்கள்.

அதிகாரி தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஒரு குடும்பம் குடம், வாளி, துணி மூட்டையோடு வந்துவிட்டது. புருஷன், பெண்டாட்டி, நிறைய வாளிகள். பெண்டாட்டியின் பெயர் கோகிலாமணி. அவள் என் கூடத்தில், என் ஆணியில், கொடி கட்டினாள். ஈரத் துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பியபோது என்னைப் பார்த்தாள்.

“வாங்கக்கா. எப்ப வந்தீங்க? காப்பி குடிக்கறீங்களா?”

“இது என் ஊடுங்க.”

“அப்படித்தானுங்க நெனச்சுக்கோணும். ஒரம்பரைன்னு வந்துட்டுக் கூச்சப்படக் கூடாது.”

என் டம்ளரில் காப்பி கொடுத்தாள். நன்றாக இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. படுப்பதற்கு என் பாயைக் கொடுத்து, “ராத்திரி தங்கீட்டுக் காலைல போலாமுங்க” என்றாள். விருந்தாளி எத்தனை நாள் இருக்கலாம் என்று அவள் புருஷன் சுவரைப் பார்த்துக் கேட்டார். சுவர் பதில் சொல்லவில்லை. அதற்கும் வாத்தியம் கிடையாது.

காலையில் சந்தைக்குப் போனேன்.

வாத்தியச் சந்தை ஏரிக்குள் கூடும். ஏரியில் தண்ணீர் இருந்தால் தண்ணீருக்குள் கூடும். அன்று தண்ணீர் இல்லை. மிருதங்கங்கள் ஒரு வரிசையாக முளைக்குச்சியில் கட்டப்பட்டிருந்தன. நாதஸ்வரங்களுக்குக் கொம்பு சீவி வண்ணம் பூசியிருந்தார்கள். வயலின்கள் இளசுகள். அவற்றைக் கூடையைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள். எல்லாவற்றின் முன்னாலும் வைக்கோல் கிடந்தது. ஒரு தம்புரா மட்டும் தீனி எடுக்கவில்லை. அதைச் சுற்றி நாலைந்து பேர் கவலையோடு நின்றார்கள்.

ஒரு தரகர் என்னிடம் வந்தார். தோளில் பச்சைத் துண்டு. பெயர் நாச்சிமுத்து என்றார்.

“என்ன உருப்படி பாக்கறீங்க அம்மிணி?”

“ஆர்மோனியம்.”

“சொல்லுங்க. நம்மகிட்ட ஒண்ணு இருக்குது. பாத்தா உடமாட்டீங்க.”

மாலை போட்ட ஆர்மோனியம் ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அதன் இடது மூலை சற்று உடைந்திருந்தது. மூடியைத் தூக்கி, கட்டைகளைக் காட்டினார்.

“பல்லப் பாருங்க. ஒண்ணு உழுகல. இப்ப சுழியப் பாருங்க.” மூடி மரத்தில் ஓடிய ரேகைகளை விரலால் தொட்டுச் சுற்றினார். “ராசசுழி. இது கட்டுன ஊட்ல கதவு சாத்தாது. இப்ப நடையப் பாருங்க.”

விற்பவர் கயிற்றை இழுத்தார். ஆர்மோனியம் கொஞ்ச தூரம் நடந்து திரும்பி வந்தது. நடையில் குறை சொல்ல முடியாது.

“கனத்தப் பாருங்க” என்றார் நாச்சிமுத்து. தூக்க முயன்றேன். முடியவில்லை. அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

“சத்தம் வருமா?” என்று கேட்டேன்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தன் மிருதங்கத்தின் இரண்டு பக்கத்தையும் கையால் பொத்தினார்.

“மெதுவாப் பேசுங்க அம்மிணி.”

“காசு குடுத்து வாங்கறனுங்ணா. ஒருக்கா அமுக்கிப் பாக்க வேண்டாமா?”

“அதெல்லாம் ஊட்டுக்குப் போயி, நல்ல நாள் பாத்து, ஆரும் இல்லாதப்ப வெச்சுக்கோங்க. சந்தைல அமுக்குனா அதுமேல நம்பிக்கை இல்லீன்னு ஆயிரும். வெல எறங்கிரும். வெல எறங்கீட்டா அப்பறம் என்னத்தக் கேக்கறது?”

“வெலையா கேக்குது?”

“பின்ன?” என்றார்.

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே திகைத்துப் போயிருந்தார்.

எங்கள் பக்கத்துச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் சேர்த்துத் தரகர் மேலே துண்டைப் போடுவார். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார். பிடித்த விரல்களின் எண்ணிக்கைதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பிடிக்காவிட்டால் கையை உதறலாம். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்பார்கள்.

நாச்சிமுத்து துண்டைப் போட்டார். விற்பவர் கண்ணை மூடிக்கொண்டு என் இரண்டு விரல்களைப் பிடித்தார். உதறினேன். மூன்று. உதறினேன். கை முழுவதையும் பிடித்தார். உதறினேன். அதற்குப் பிறகு ஒரு கையில் இருக்கக்கூடியதைவிட அதிக விரல்கள் வந்தன. பிறகு கையே இல்லை. என் கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது. பிறகு தோள் வரை. விற்பவர் எட்டாத தூரத்தில், வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்.

“அண்ணா, என் கை எங்க போகுது?”

“பேரம் நடக்குதுங்க. பேசாம இருங்க.”

“குனிஞ்சு பாக்கறேன்.”

“இதுவரைக்கும் ஆரும் பாத்ததில்லீங்க.”

“அதுக்குத்தான் பாக்கறேன்.”

துண்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டேன்.

உள்ளே சுண்ணாம்பு அடித்த நீளமான நடை ஒன்று இருந்தது. குழல்விளக்கு எரிந்தது. ஒரு பக்கம் முழுக்க அறைகள். முதல் அறையில் வெறுந்தரையில் ஓர் ஆர்மோனியம் இருந்தது. இடது மூலை சற்று உடைந்திருந்தது. துருத்தியை அசைத்து ஒரு கட்டையை அமுக்கினேன். சத்தம் வரவில்லை.

இரண்டாவது அறையில் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். ஆர்மோனியம் அதேதான். மூலை உடைந்திருந்தது. அமுக்கினேன். வரவில்லை.

மூன்றாவது அறையில் மெத்தை வைத்த நாற்காலி, ஒரு மின்விசிறி. ஆர்மோனியத்துக்குப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். மூலை உடைந்திருந்தது.

நான் நடக்க நடக்க நடை நீண்டது. எல்லா அறையிலும் நுழைந்தேன். எல்லா அறையிலும் அமுக்கினேன். கம்பளம் வந்தது. குளிர்சாதனம் வந்தது. டவராவில் காப்பி வந்தது. கடைசி அறையில் சோபாவில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி கட்டியிருந்தார். பச்சைத் துண்டு இல்லை. அதற்குள்தானே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

“எந்த ரூம்ல எடுத்துக்கறீங்க அம்மிணி?”

“எல்லா ரூம்லயும் ஒரே பொட்டிதான் இருக்குது.”

“பொட்டி ஒண்ணுதானுங்க. ரூமுதான வேற.”

“அப்ப மொத ரூம்ல எடுத்துக்கறேன்.”

“உங்க இஷ்டமுங்க. ஆனா மொத ரூம் வெலைக்கு உங்க அதிகாரி காது குடுக்கமாட்டாரு. அவருக்கு மூணாவது ரூமுல இருந்துதான் கேக்க ஆரம்பிக்கும்.”

“எதுலயும் சத்தம் வர்லீங்களே.”

“சத்தம் வர்ற மாதிரி என்ன ரூமு இருக்குதுன்னு கேளுங்க. அப்படி எதுவும் கட்டலீங்க.”

என் கூடத்தில் தொங்கும் ஈரத் துணியை நினைத்தேன். கையில் இரண்டு வளையல் இருந்தது. என் சம்பளத்தில் நானே செய்துகொண்டது. கழற்றிக் கொடுத்தேன். மூன்றாவது அறை விலை அதுதான் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. துண்டுக்கு அடியில் என் கை அவரிடம்தான் இருந்தது.

துண்டை எடுத்தார்கள். ஆர்மோனியத்தின் நெற்றியில் காவி முத்திரை குத்தினார்கள். விற்பவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள, நாச்சிமுத்து எனக்கென்று ஒரு புதுக் கயிறு கட்டிக் கையில் கொடுத்தார். சந்தை வழக்கப்படி கயிறு மாறிவிட்டால் விற்றதை விற்றவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் பார்க்கவில்லை. வேகமாகவே போனார்.

என் வீடு எனக்குக் கிடைத்துவிட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை ஏறினேன். ஆர்மோனியம் பின்னால் நடந்து வந்தது. சமத்தானது. ஒரு முனகல்கூட இல்லை.

கரைக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி நின்றது. சந்தையில் கழித்ததையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தோல் கிழிந்த தவில், கழுத்து முறிந்த வயலின். லாரி விறகு மண்டிக்குப் போகிறது என்று எழுதியிருந்தது. டிரைவர் ஒரு பெட்டியின் மேல் தவிலைத் தூக்கிப் போட்டார்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

அதற்கு முன்னால் நான் எந்த வாத்தியத்தின் சத்தத்தையும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் யாருமே கேட்டதில்லை. ஆனால் இதுதான் அது என்று தெரிந்தது. வயிற்றுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுபோல இருந்தது.

“அது என்னங்க?” என்று கேட்டேன்.

“ஆர்மோனியமுங்க. கழிச்சது” என்றார் டிரைவர். தவிலை நகர்த்தி மூடியைக் காட்டினார். மரத்தின் ரேகைகள் இரண்டு நீளக் கழிகளாகவும் நடுவில் குறுக்குச் சட்டங்களாகவும் ஓடியிருந்தன. பிணத்தைத் தூக்கிப்போகிற பாடைபோலவே இருந்தது. “பாடைச்சுழி. கட்டுன ஊட்ல எழவு உழுகும். எவன் வாங்குவான்? பல்லும் மூணு இல்ல. முத்திரை குத்தமாட்டேன்னுட்டாங்க.”

“சத்தம் வருதுங்களே.”

“ஆமாங்க. அந்தச் சனியன் வேற.”

“குடுத்தர்றீங்களா?”

“குடுக்கலாம். எடைக்கு எடை. மண்டில எடை காட்டோணுமுங்க.”

மூக்குத்தியைக் கழற்றி நீட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். “பத்தாதுங்க” என்று திருப்பிக் கொடுத்தார்.

என்னிடம் வேறு எதுவும் இல்லை. பிறகு என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தேன்.

நாச்சிமுத்து சந்தையிலிருந்து ஓடிவந்தார். எப்படித் தெரிந்ததோ. வேட்டி மறுபடி சாதா வேட்டியாகியிருந்தது.

“அம்மிணி, முத்திரை போட்ட உருப்படிய வெறகுக்குக் குடுக்கறீங்களா? ஊடு போயிரும்.”

“போகட்டும்.”

“மூணாவது ரூமு உருப்படிங்க அது.”

“ரூம நீங்களே வெச்சுக்கோங்க.”

“சொன்னாக் கேளுங்க. முத்திரை இல்லாம சத்தம் வந்தா அது சத்தமில்லீங்க. தொந்தரவு.”

“அதுதான் வேணும்” என்றேன். “தொந்தரவு குடுங்க.”

டிரைவர் தராசைக் கட்டினார். ஒரு தட்டில் முத்திரை போட்டது. ஒரு தட்டில் பாடைச்சுழி. முத்திரை போட்ட பக்கம் தரையைத் தொட்டது. டிரைவர் அதன் பின்பலகையைக் கழற்றிக் கையை விட்டார். ஆற்றங்கல், ஒவ்வொன்றாக வந்தது. உள்ளே வேறெதுவும் இல்லை. தட்டு சமமாகும்வரை எடுத்து என் முந்தானையில் போட்டார்.

“மீதிங்க” என்றார்.

வாங்கிக்கொண்டேன். என் வளையல் அது.

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். முகம் துண்டுக்குள் போய்விட்டது. நான் காத்திருக்கவில்லை.

பாடைச்சுழி ஆர்மோனியம் நடக்கவில்லை. நடை பழக்கியிருக்கவில்லை. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். தெரு நாய்கள் எழுந்து வழிவிட்டன.

“ஒரம்பரைக்கெல்லாம் போயிட்டு வந்துட்டீங்களாக்கா?” என்றாள் கோகிலாமணி. விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தின் நடுவில் பெட்டியை இறக்கி வைத்தேன். கொடியை நகர்த்திக்கொள்ளச் சொன்னேன். “நீங்களே சொல்லீட்டா அப்பறம் என்னங்க” என்று நகர்த்தினாள்.

அதிகாரி வந்தார். பெட்டியைச் சுற்றி வந்தார். முத்திரையைத் தேடினார். மூடியைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார்.

“முத்திரை எங்கீங்க?”

“இல்லீங்க.”

“என்ன ரூமு?”

“ரூமு இல்லீங்க. வெளிய வாங்குனது.”

குனிந்து காதை வைத்தார். நியாயமான மனிதர். நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு கேட்டார்.

“ஒண்ணுமே கேக்கலீங்க” என்றார். “ஒரு தேங்கா வெலகூடக் கேக்கல. ஊடு காலிதானுங்க.”

“நான் இன்னும் வாசிக்கவே இல்லீங்க.”

“வாசிக்கறதா?” என்றார். “எதுக்கு?”

துருத்தியை இழுத்தேன். ஒரு கட்டையை அமுக்கினேன்.

இனிமையான சத்தம் என்று பொய் சொல்ல மாட்டேன். தண்ணீருக்குள்ளிருந்து எருமை கூப்பிடுவதுபோல இருந்தது. பல் இல்லாத மூன்று இடத்திலும் காற்று சீறியது. வாளிகள் எல்லாம் அதிர்ந்தன. கோகிலாமணி விளக்கைக் கீழே வைத்தாள். தெருவில் கதவுகள் திறந்தன. அவிநாசியப்பன் பனியனோடு ஓடிவந்தார்.

“என்னம்மிணி இது, எழவு ஊடாட்ட? என்ற வீணைக்குக் கேக்காதா?”

“கேக்கட்டும். கத்துக்கட்டும்.”

முந்தானையிலிருந்து ஒரு கல்லை எடுத்து அந்தக் கட்டையின் மேல் வைத்தேன். கட்டை அமுங்கியே இருந்தது. அடுத்த கட்டையில் அடுத்த கல். ஒரு கையால் துருத்தியை விடாமல் இழுத்தேன். நல்ல கற்கள். அளவான கனம்.

அதிகாரி வாயைத் திறந்தார். ‘காலி’ என்றுதான் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. மறுபடி சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது. கேட்கவில்லை. அவருக்கே கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தன் காதைத் தொட்டுப் பார்த்தார். வாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உதவி கேட்பதுபோலக் கோகிலாமணியைப் பார்த்தார்.

கோகிலாமணி விதிக்குக் கட்டுப்பட்டவள். அவர் நெஞ்சில் காதை வைத்தாள். முதுகில் வைத்தாள். குனிந்து வயிற்றில் வைத்தாள். நிமிர்ந்து, அவர் பையிலிருந்தே சாக்கட்டியை எடுத்து, அவர் சட்டையில் ‘காலி’ என்று எழுதினாள். அவளுடைய கையெழுத்து சுமார்தான். அவர் தலையைக் குனிந்து அதைத் தலைகீழாகப் படித்தார். எழுத்துப் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு மறுப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டார்.

அவள் புருஷன் கொடியை அவிழ்த்தார். குடம், வாளி, துணி மூட்டை எல்லாவற்றையும் அதிகாரி முன்னால் கொண்டுவந்து வைத்தார். கதவு எந்தப் பக்கம் என்று சைகையில் கேட்டார். கோகிலாமணி சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கழற்றினாள். குனிந்து ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். வாளிகளை ஒவ்வொன்றாக உள்ளிருந்து கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக அவள் தலையை வெளியே நீட்டி என்னிடம் ஏதோ சொன்னாள். காப்பி குடிக்க ஒருநாள் வரச்சொல்லியிருப்பாள்.

அதிகாரி மெதுவாக நடந்து தெருவில் இறங்கினார். உள்ளே ஆள் இருக்கும் வீட்டுக்குரிய கவனத்தோடு நடந்தார்.

என் கதவில் அவர் எழுதியது அதிர்ந்து, தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. முதலில் துணைக்காலின் கீழ்ப்பாகம் போனது. பிறகு மீதியும் போனது.

அவிநாசியப்பன் இன்னும் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் தெரு முழுவதும் நின்றது. எல்லோருடைய வாயும் அசைந்தது. நிறுத்து என்றோ, என்ன விலை என்றோ கேட்டிருப்பார்கள். முந்தானையில் இன்னும் கல் இருந்தது. ஒன்றை எடுத்து அடுத்த கட்டையின் மேல் வைத்தேன்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை.